கிராம்சி சொன்ன ‘மேலாண்மை’ எது? ஒரு பத்திரிகையாளரின் வாழ்க்கையும் ஒரு சொல்லின் பொருளும்

இத்தாலியில் 2022 அக்டோபரில் ஜோர்ஜியா மெலோனி பிரதமரான நாளிலிருந்து, பண்பாட்டுத் துறையில் இடதுசாரிகளின் மேலாண்மையை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு அந்நாட்டு வலதுசாரிகளிடம் ஓயாமல் கேட்கிறது. அரசுத் தொலைக்காட்சி, அருங்காட்சியகம், புத்தகக் கண்காட்சி என எதைப் பற்றிய சண்டையானாலும் கடைசியில் ஒரு பெயர் வந்து நிற்கிறது: அந்தோனியோ கிராம்சி. அவர் இத்தாலியக் கம்யூனிஸ்ட் கட்சியை நிறுவியவர்களுள் ஒருவர். முசோலினியின் அரசு அவரைச் சிறையில் தள்ளியது. காவலிலிருந்து விடுபட்ட சில நாட்களிலேயே, 46 வயதில், அவர் இறந்தார்.

இந்தப் பெயர் இத்தாலியோடு நிற்பதும் இல்லை. பிரான்சில் அலென் து பெனுவா என்ற எழுத்தாளர் ‘வலதுசாரி கிராம்சியம்’ என்று ஒரு கொள்கையையே வகுத்தார். 2007 அதிபர் தேர்தலுக்குச் சற்று முன்பு நிக்கோலா சர்க்கோசி, அதிகாரம் கருத்துகளால்தான் வெல்லப்படுகிறது என்ற கிராம்சியின் ஆய்வைத் தாம் ஏற்றுக்கொண்டதாக வெளிப்படையாகச் சொன்னார். பிரேசிலில் முன்னாள் அதிபர் பொல்சொனாரோவின் ஆதரவாளர்களின் குருவாக இருந்த ஒலாவோ ஜி கர்வாலியோ, கிராம்சியை நாட்டைப் பிடித்த நோயாகச் சித்திரித்தார். ஒருவருக்குப் பாடநூலாக இருப்பவர் இன்னொருவருக்குப் பூச்சாண்டியாகிறார்.

செய்தி படிப்பவர்கள் குழம்புவதில் வியப்பில்லை. கிராம்சியைச் சில கலைச்சொற்களின் பட்டியலாகப் படிக்கும்வரை இந்தக் குழப்பம் தீராது என்பது என் எண்ணம். அவர் முதலில் அன்றாடம் பத்திரிகைக்கு எழுதிய மனிதர். அடுத்து, கண்ணெதிரே தோற்றுப்போன ஓர் இயக்கத்தின் தலைவர். அவருடைய சொற்கள் அந்த இரண்டு அனுபவங்களிலிருந்தும் வந்தவை. எனவே வாழ்க்கையிலிருந்தே தொடங்க வேண்டும்.

## முதலில் சொல்லைப் பற்றி

கிராம்சி பயன்படுத்திய ‘எகெமோனியா’ (ஆங்கிலத்தில் ‘ஹெஜிமனி’) என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் புழங்குகின்றன: மேலாதிக்கம், மேலாண்மை. இரண்டிலும் சிக்கல் உண்டு. மேலாதிக்கம் என்றதும் ஒருவர் தலைமேல் இன்னொருவர் ஏறி உட்காரும் காட்சிதான் மனத்தில் எழுகிறது. மேலாண்மை என்றதும் ‘பேரிடர் மேலாண்மை’, ‘நிதி மேலாண்மை’ போன்ற அலுவலக வழக்குகள் வந்துவிடுகின்றன. கிராம்சி சொன்னது இவை இரண்டும் அல்ல. கிரேக்க மூலத்தில் இச்சொல்லுக்கு ‘முன்னின்று நடத்துதல்’ என்பதே பொருள். பின்னால் வருகிறவர்கள் தாங்களாக வருகிறார்கள், அல்லது தாங்களாக வருவதாக நினைக்கிறார்கள். இச்சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது. இக்கட்டுரையில் ‘மேலாண்மை’ என்ற சொல்லையே அந்தப் பொருளில் பயன்படுத்துகிறேன்.

## சார்டீனியா: ரொட்டி விலைக்கு விற்ற பிள்ளைப்பருவம்

கிராம்சி 1891 ஜனவரி 22 அன்று சார்டீனியத் தீவின் ஆலெஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் நான்காமவர். தந்தை பதிவு அலுவலகத்தில் அரசு ஊழியர். உள்ளூர்த் தேர்தலில் தோற்ற வேட்பாளரின் பக்கம் நின்ற அவர்மீது கையாடல் குற்றம் சுமத்தப்பட்டது. 1898-இல் கைதாகி 1904 வரை சிறையில் இருந்தார். தாய் துணி தைத்து ஏழு பிள்ளைகளையும் காப்பாற்றினார்.

சிறுவயதிலேயே கிராம்சிக்கு முதுகெலும்பு வளைந்தது. வளர்ந்த பிறகும் அவர் உயரம் ஐந்தடியை எட்டவில்லை. நான்கு வயதில் ரத்தப்போக்கு ஏற்பட்டபோது மருத்துவர்கள் கைவிட்டார்கள். தாய் ஒரு சிறிய சவப்பெட்டியும் அடக்கத்துக்கான உடையும் வாங்கிவைத்தார். பிள்ளை பிழைத்துக்கொண்டான், ஆனால் அந்தப் பெட்டி 1914 வரை வீட்டிலேயே இருந்ததாகப் பின்னாளில் ஒரு கடிதத்தில் எழுதுகிறார்.

பதினோரு வயதில் பள்ளியை விட்டு அவரும் ஒரு பதிவு அலுவலகத்தில் வேலைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை காலையும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம். மாதம் 9 லிரா சம்பளம். அதாவது நாளுக்கு ஒரு கிலோ ரொட்டி என்று அவரே கணக்குச் சொல்கிறார். தன் எடையைவிடக் கனமான பதிவேடுகளைத் தூக்கிச் சுமந்து, உடம்பு முழுதும் வலிக்க, இரவில் யாருக்கும் தெரியாமல் அழுததையும் எழுதியிருக்கிறார்.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. தீவில் வளர்ந்த எவருக்கும் அன்று ஒரு கசப்பான நம்பிக்கை இருந்தது: வடக்கிலுள்ள பெருநிலத்துக்காரர்கள் எல்லோரும், அங்கே வேலை செய்யும் தொழிலாளிகள் உட்பட, நம்மைச் சுரண்டுகிறார்கள். இளமையில் கிராம்சியும் அப்படித்தான் நினைத்தார். இந்த நம்பிக்கையிலிருந்து விடுபட்ட கதையே ஒருவகையில் அவருடைய அரசியல் கல்வி.

## டூரின்: அன்றைக்கே சாகவேண்டிய எழுத்து

ஏழை மாணவர்களுக்கான உதவித்தொகைத் தேர்வில் வென்று 1911-இல் டூரின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாதம் 70 லிரா. அந்தத் தேர்வை எழுதிய இன்னொரு மாணவர் பல்மீரோ தொல்யாத்தி, பிற்காலத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவரானவர். கிராம்சி எடுத்த பாடம் மொழியியல். மாத்தேயோ பார்தோலி என்ற பேராசிரியர் அவரிடம் பெரிய நம்பிக்கை வைத்திருந்தார். ஒரு சொல் ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு எப்படிப் பரவுகிறது என்பது பார்தோலியின் ஆய்வுப்பொருள். வாளைக் காட்டியா பரவுகிறது? இல்லை. ஓர் ஊரின் பேச்சுக்குக் கூடுதல் மதிப்பு இருப்பதாக மற்ற ஊர்க்காரர்கள் கருதும்போது அது பரவுகிறது. மேலாண்மை என்ற கருத்தின் விதைகளுள் ஒன்று இந்த வகுப்பறையில் விழுந்தது என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

உடல்நலமும் பணமும் இடம் கொடுக்கவில்லை; 1915-இல் படிப்பை நிறுத்தினார். சோசலிஸ்ட் கட்சியின் நாளேடான ‘அவந்தி’யின் டூரின் பதிப்பில் வேலைக்குச் சேர்ந்தார். ‘மோலேயின் கீழே’ என்ற பத்தி அவருடையது. மோலே என்பது அந்நகரின் அடையாளமான உயர்ந்த கோபுரக் கட்டடம். ரொட்டி விலை, நகராட்சி ஊழல், போர்க்கால வெற்றுப் பேச்சு என எதையும் அவர் விடவில்லை. நாடக விமர்சனமும் எழுதினார். நாடகாசிரியர் பிராந்தெல்லோவை ஆழ்ந்து கவனித்த தொடக்ககால விமர்சகர்களுள் அவர் ஒருவர்.

இதற்கு முன்பே ஒரு சறுக்கல் நேர்ந்திருந்தது. 1914-இல் ‘அவந்தி’யின் ஆசிரியராக இருந்தவர் முசோலினி. முதல் உலகப்போரில் இத்தாலி ஒதுங்கி நிற்க வேண்டும் என்ற கட்சி நிலைப்பாட்டை மீறி அவர் எழுதியபோது, அதை ஓரளவு பரிவோடு அணுகிய ஒரு கட்டுரையை அக்டோபர் 31 அன்று கிராம்சி வெளியிட்டார். சில வாரங்களில் முசோலினி போரை ஆதரிக்கும் தம் சொந்தப் பத்திரிகையைத் தொடங்கினார், கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார். கிராம்சிமீது பழி நிலைத்தது. ஏறத்தாழ ஓராண்டு அவர் எதுவும் வெளியிடவில்லை. மீண்டும் எழுதவந்தவரின் கட்டுரைகளில் அச்சமில்லை. 1917 பிப்ரவரியில் ‘எதிர்கால நகரம்’ என்ற ஒற்றை இதழை ஏறக்குறையத் தனியாளாகத் தயாரித்தார். அலட்சியமாக இருப்பவர்களை நான் வெறுக்கிறேன் என்ற அவருடைய பெயர்பெற்ற கட்டுரை அதில்தான் வந்தது. எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கி நிற்பதும் வரலாற்றில் ஒரு பக்கம் சேர்வதே என்பது அதன் வாதம்.

1931-இல் சிறையிலிருந்து எழுதுகையில், பத்தாண்டுகளில் தாம் பத்திரிகைக்கு எழுதியவை தலா 400 பக்கம் கொண்ட 15, 20 தொகுதிகளுக்கு வரும் என்கிறார். ஆனால் அவை அந்தந்த நாளுக்காக எழுதப்பட்டவை, அந்த நாளோடு சாகவேண்டியவை என்றும் சொல்கிறார். நூலாகத் தொகுக்கலாம் என்று கேட்டு வந்தவர்களை மறுத்திருக்கிறார். பத்திரிகைத் தொழிலை அவர் மட்டமாக நினைத்ததாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு கட்டுரை அதை வாசிப்பவரின் அந்த நாளில் என்ன வேலை செய்கிறது என்பதே அவருக்கு அளவுகோல்.

## ஆலைகள், படைவீரர்கள், தோல்வி

1919 மே 1 அன்று தஸ்கா, தொல்யாத்தி, தெர்ராசினி ஆகிய நண்பர்களோடு ‘புதிய ஒழுங்கு’ என்ற வார இதழைத் தொடங்கினார். படியுங்கள், கிளர்ந்தெழுங்கள், அணிதிரளுங்கள் என்ற மூன்று அழைப்புகள் அதன் முகப்பில் இருந்தன. ஃபியட் முதலிய ஆலைகளில் தொழிலாளர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஆலைக் குழுக்களுக்கு இந்த இதழ் கொள்கை வகுத்துக் கொடுத்தது. 1920 செப்டம்பரில் லட்சக்கணக்கான உலோகத் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி உள்ளே அமர்ந்தார்கள். பிரதமர் ஜொலித்தி படையை அனுப்பவில்லை, பொறுத்திருந்தார். சில வாரங்களில் கூலி உயர்வு உடன்பாட்டோடு எல்லாம் கலைந்தது. இரண்டே ஆண்டுகளில் முசோலினி பிரதமரானார்.

ஏன் தோற்றோம்? பிற்காலத்தில் கிராம்சி எழுதிய எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி இது. இத்தாலியின் ஏழைத் தெற்குப் பகுதியின் பிரச்சினை பற்றி 1926-இல் எழுதி முடிக்காமல் விட்ட கட்டுரையில், அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சி பத்துக் கோட்பாட்டு நூல்களுக்குச் சமம்.

1919-இல் டூரின் தொழிலாளர்களை அடக்கச் சார்டீனியாவின் சஸ்ஸாரி படைப்பிரிவு கொண்டுவரப்பட்டது. அந்தத் தீவிலிருந்து வந்து டூரினில் தோல் பதனிடும் வேலை செய்த ஒரு தோழர், ஒரு வீரனிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். வேலைநிறுத்தம் செய்யும் கனவான்களைச் சுட வந்திருக்கிறோம் என்றான் அவன். அவர்கள் கனவான்கள் அல்லர், ஏழைத் தொழிலாளிகள் என்றார் தோழர். இங்கே எல்லோரும் கனவான்கள்தாம். கழுத்தில் டை கட்டுகிறார்கள், நாளுக்கு 30 லிரா வாங்குகிறார்கள். எங்கள் ஊரில் மண்வெட்டி பிடிக்கும் நாங்கள் வாங்குவது ஒன்றரை லிரா. ஏழை எப்படி உடுத்துவான் என்று எனக்குத் தெரியும் என்றான் வீரன். நானும் தொழிலாளி, நானும் ஏழைதானே என்று தோழர் கேட்டதற்கு, நீ சார்டீனியன், அதனால் ஏழை என்று பதில் வந்தது. அப்படியானால் நான் அவர்களோடு வேலைநிறுத்தம் செய்தால் என்னையும் சுடுவாயா? வீரன் சற்று யோசித்தான். பிறகு அவர் தோளில் கைவைத்துச் சொன்னான்: அவர்களோடு நீ வேலைநிறுத்தம் செய்யும் நாளில் வீட்டிலேயே இருந்துவிடு.

அந்த வீரனை யாரும் மிரட்டவில்லை. அவன் பொய்யும் சொல்லவில்லை. தன் கண்ணுக்குத் தெரிந்ததையே சொன்னான். ஏழை ஏழையைச் சுடுவது அவனுக்கு இயல்பாகத் தோன்றியது. அதே நேரத்தில் அந்த மனிதனைக் காப்பாற்றவும் தோன்றியது. இந்த இரண்டும் ஒரே தலைக்குள் எப்படி வந்தன, இதை யார், எங்கே வைத்துக் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் நாம் மேலாண்மையின் வாசலுக்கு வந்துவிடுகிறோம். அந்தக் கதை அங்கே முடியவும் இல்லை. சார்டீனியத் தோழர்கள் தொடர்ந்து பேசியதன் விளைவு தெரியத் தொடங்கவும், ஜூலை பொது வேலைநிறுத்தத்துக்கு முன்னதாகவே அந்தப் படைப்பிரிவு அவசர அவசரமாக நகரை விட்டு அகற்றப்பட்டது.

## நாடாளுமன்றமும் கைதும்

இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம், தேதிகள் போதும். 1921 ஜனவரி 21 அன்று லிவோர்னோவில் சோசலிஸ்ட் கட்சி பிளந்து கம்யூனிஸ்ட் கட்சி பிறந்தது. 1922 மே மாதம் கிராம்சி மாஸ்கோ சென்றார். அங்கே ஒரு நலவாழ்வு விடுதியில் ஜூலியா ஷுக்த் என்ற இசைக்கலைஞரைச் சந்தித்து மணந்தார். 1924 பிப்ரவரி 12 அன்று ‘ஒற்றுமை’ என்று பொருள்படும் ‘லுனிதா’ நாளேடு தொடங்கியது. அந்தப் பெயரை முன்மொழிந்தவர் அவரே. வடக்குத் தொழிலாளியும் தெற்கு விவசாயியும் ஒன்றுசேர்வதை மனத்தில் வைத்தே அந்தப் பெயரைச் சொன்னார். அதே ஆண்டு ஏப்ரலில், வியன்னாவில் இருந்தபடியே நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாடாளுமன்றத்தில் அவர் பேசியது ஒரே ஒரு முறை, 1925 மே 16 அன்று. ரகசிய அமைப்புகளைத் தடைசெய்வதாகச் சொல்லிக் கொண்டுவரப்பட்ட மசோதா நாளை எல்லா எதிர்க்கட்சிகள்மீதும் பாயும் என்று எச்சரித்தார். முசோலினி பலமுறை குறுக்கிட்டார். முன்னாளில் ஒரே பத்திரிகைக்கு எழுதிய இருவர் நேருக்கு நேர் மோதிய தருணம் அது. அடுத்த ஆண்டு நவம்பர் 8 இரவு, நாடாளுமன்ற உறுப்பினருக்குரிய பாதுகாப்பை மீறி, ரோமில் கைது செய்யப்பட்டார். 1928 ஜூன் 4 அன்று சிறப்புத் தீர்ப்பாயம் அளித்த தண்டனை 20 ஆண்டு, 4 மாதம், 5 நாள்.

## கைதி எண் 7047

தெற்கே பாரி நகருக்கு அருகிலுள்ள தூரி சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அறையில் எழுத அனுமதி கிடைக்கவே 1929 ஜனவரி ஆனது. பிப்ரவரி 8 அன்று முதல் குறிப்பேட்டில் தேதியிட்டு, எழுத வேண்டிய தலைப்புகளின் பட்டியலோடு தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்கள் போன்றவை அவை. சிறையின் முத்திரை குத்தப்பட்டு, பக்கங்களுக்கு எண்ணிட்டு அவரிடம் வந்தன. 1935 வரை 33 குறிப்பேடுகள் நிரம்பின. அவற்றுள் நான்கு மொழிபெயர்ப்புப் பயிற்சிகள்; கிரிம் சகோதரர்களின் கதைகளைத் தம் தங்கை தெரெசினாவின் பிள்ளைகளுக்காக ஜெர்மனிலிருந்து பெயர்த்தது இந்தக் குறிப்பேடுகளில்தான்.

புத்தகங்கள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். டூரின் கால நண்பரும் பின்னர் கேம்பிரிட்ஜில் பொருளியல் அறிஞராக விளங்கியவருமான பியரோ ஸ்ராஃபா, மிலான் நகரப் புத்தகக்கடை ஒன்றில் கிராம்சிக்காகக் கணக்குத் திறந்து செலவை ஏற்றார். மனைவியின் அக்கா தத்தியானா இத்தாலியிலேயே தங்கி, உடையும் மருந்தும் அனுப்பினார். கடிதங்களைப் படியெடுத்து ஸ்ராஃபாவிடம் சேர்த்தார். மனைவியும் இரு மகன்களும் மாஸ்கோவில். இளைய மகன் ஜூலியானோவை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

இந்தக் குறிப்பேடுகளில் தாம் என்ன எழுத விரும்புகிறார் என்பதை 1927 மார்ச்சிலேயே தத்தியானாவுக்குச் சொல்லியிருந்தார். நாளோடு அழியாமல் நிலைத்து நிற்கும் ஒன்றைச் செய்ய வேண்டும் என்பது ஆசை. அதற்கு அவர் குறித்த தலைப்புகள் நான்கு: இத்தாலிய அறிவாளர்களின் வரலாறு, ஒப்பீட்டு மொழியியல், பிராந்தெல்லோவின் நாடகம், மக்களிடையே புகழ்பெற்ற தொடர்கதைகள். புரட்சித் தலைவர் ஒருவர் ஏன் தொடர்கதையை ஆராய வேண்டும்? பத்திரிகையில் வேலை செய்தவருக்கு விடை தெரியும். தலையங்கத்தைப் படிப்பவர்கள் சிலர். தொடர்கதையை வீடே காத்திருந்து படிக்கும்.

## குறிப்பேடுகளின் முக்கியச் சொற்கள்

1. மேலாண்மை. ஆட்சி இரண்டு கால்களில் நிற்கிறது: வன்முறை, ஒப்புதல். போலீஸ், நீதிமன்றம், சிறை ஆகியவை முதல் கால். பள்ளி, திருச்சபை, பத்திரிகை, மன்றம், கதை, வழக்காறு ஆகியவை இரண்டாவது. ஆட்சி எவ்வளவு உறுதியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு முதல் கால் கண்ணில் படாது. ரஷ்ய மார்க்சியர்கள் இச்சொல்லை, விவசாயிகளைத் தொழிலாளி வர்க்கம் முன்னின்று நடத்துவதைக் குறிக்க வழங்கிவந்தார்கள். ஆளும் வர்க்கம் எப்படித் தன்னை ஏற்கவைக்கிறது என்பதை விளக்கவும் கிராம்சி இதைத் திருப்பிப் பயன்படுத்தினார்.

2. குடிமைச் சமூகம். இரண்டாவது கால் ஊன்றியிருக்கும் தளம் இது. 1917 ரஷ்யாவில் அரசே எல்லாமாக இருந்தது. அரசு விழுந்ததும் எல்லாம் விழுந்தது. மேற்கு ஐரோப்பாவில் அரசு வெளிப்புற அகழி மட்டுமே. அது ஆட்டங்கண்டால் பின்னால் கோட்டைகளும் காப்பரண்களும் வரிசையாக நிற்பது தெரியும் என்றார். 1920-இல் ஆலைகளைப் பிடித்தும் தோற்றதற்கான விடை இதில் இருக்கிறது.

3. நகர்வுப் போர், நிலைப் போர். முதல் உலகப்போரின் பதுங்குகுழிகளிலிருந்து எடுத்த உவமை. ஒரே பாய்ச்சலில் கோட்டையைப் பிடிப்பது முதல் வகை. அகழி அகழியாக, ஆண்டுக்கணக்கில், சிந்தனையிலும் அமைப்பிலும் இடம்பிடிப்பது இரண்டாம் வகை.

4. உயிரோட்டமான அறிவாளர். எல்லா மனிதரும் அறிவாளரே, ஆனால் சமூகத்தில் எல்லோருக்கும் அறிவாளர் பணி கிடைப்பதில்லை என்பது கிராம்சியின் கூற்று. ஒவ்வொரு வர்க்கமும் தன்னோடு சேர்த்தே தன் அறிவாளரையும் உருவாக்குகிறது. முதலாளியோடு பொறியாளரும் கணக்கரும் வழக்கறிஞரும் பிறக்கிறார்கள். தொழிலாளியும் தன் அறிவாளரை உருவாக்க வேண்டும்.

5. பொதுப்புத்தி. ‘இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்று நாம் நினைக்கும் கருத்துகளின் குவியல். அதில் பழைய மதம், பழமொழி, அறிவியல் துணுக்கு, முதலாளியின் நியாயம், பட்டறிவு எல்லாம் கலந்து கிடக்கும். சஸ்ஸாரி வீரனின் தலைக்குள் இருந்தது இதுவே. அதைக் கேலிசெய்து பயனில்லை. அதற்குள் இருக்கும் நல்ல அறிவை வளர்த்தெடுக்க வேண்டும் என்பதே கிராம்சியின் நிலை.

24-ஆம் குறிப்பேடு முழுக்கப் பத்திரிகைத் தொழிலைப் பற்றியது. ‘முழுமையான பத்திரிகை’ என்று ஒன்றை அவர் அதில் விவரிக்கிறார்: வாசகரின் தேவையை நிறைவேற்றுவதோடு நிற்காமல், புதிய தேவைகளை அவரிடம் உண்டாக்கி, அதன்வழியே தன் வாசகரையே படிப்படியாக உருவாக்கும் பத்திரிகை. மேலாண்மை என்ற கருத்தைத் தொழில்முறையில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

மேலாண்மை என்றாலே அவருக்குக் கெட்ட சொல்லோ என்று தோன்றலாம். இல்லை. நாடு முழுவதற்கும் ஒரு பொதுமொழி வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் அது மேலிருந்து சட்டத்தால் வரக்கூடாது, பேசுகிறவர்களின் உறவாடலிலிருந்து வளர வேண்டும் என்றார். அதனால்தான் 1927 மார்ச்சில் தங்கை தெரெசினாவுக்கு எழுதிய கடிதத்தில், பிள்ளைகளைச் சார்டீனிய மொழி பேசவிடு, அது கொச்சை அல்ல, தனி மொழி என்று வற்புறுத்தினார். வீட்டுமொழியைப் பறித்துவிட்டு, ஏழ்மைப்பட்ட நான்கைந்து இத்தாலியத் தொடர்களைக் கொடுத்தால் பிள்ளைக்கு இரண்டும் இல்லாமல் போகும் என்பது மொழியியல் மாணவரின் கவலை.

## வலதுசாரிகள் எடுத்தது எது, விட்டது எது

து பெனுவாவும் சர்க்கோசியும் கிராம்சியிடமிருந்து எடுத்தது ஒரு பாதி: வாக்குப்பெட்டிக்கு முன்னால் கருத்துக்களத்தில் வெல்ல வேண்டும். அந்தப் பாதி உண்மையானது. எந்தக் கொள்கைக்காரரும் அதைக் கற்றுக்கொள்ளலாம்.

விட்டுவிட்ட பாதிதான் கனமானது. மேலாண்மை என்பது அறம், அரசியல் சார்ந்தது; ஆனால் பொருளாதாரம் சார்ந்ததாகவும் அது இருந்தே தீர வேண்டும் என்று கிராம்சி திட்டவட்டமாக எழுதுகிறார். முன்னின்று நடத்த விரும்பும் வர்க்கம், பின்னால் வருபவர்களின் நலன்களைக் கணக்கில் எடுக்க வேண்டும். தன் உடனடி லாபத்தில் சிலவற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். கூலியும் நிலமும் ரொட்டியும் பேசாத மேலாண்மை அவரிடம் கிடையாது. ஒரு தொலைக்காட்சியின் தலைவரை மாற்றுவதும், ஓர் அருங்காட்சியகத்துக்குத் தம் ஆளை நியமிப்பதும் பதவிப் பங்கீடு மட்டுமே. அதற்குக் கிராம்சியின் பெயரை வைப்பது பிழை. இடதுசாரிகளிலும் பலர் பண்பாட்டு விவாதத்தையே முழுப் போராட்டமாக எண்ணி இதே பிழையைச் செய்கிறார்கள்.

கிராம்சியைப் பூச்சாண்டியாகக் காட்டுவோரின் குற்றச்சாட்டோ வேறு: பள்ளிகளையும் பல்கலைக்கழகங்களையும் ரகசியமாகக் கைப்பற்றக் கிராம்சி திட்டம் தீட்டினார் என்பது. கட்சியைக் கட்டவும் மக்களிடையே வெளிப்படையாக வாதிடவும் சொன்னவர் அவர். ‘நிறுவனங்களின் ஊடே நெடும்பயணம்’ என்ற தொடரை அவர் வாயில் திணிக்கிறார்கள். அது 1967-இல் ஜெர்மன் மாணவர் தலைவர் ரூடி துட்ஷ்கே சொன்னது. கிராம்சி இறந்து அப்போது முப்பது ஆண்டுகள்.

## திருத்திக்கொள்ள வேண்டிய மூன்று செய்திகள்

1. ‘இது அரக்கர்களின் காலம்.’ பழைய உலகம் சாகிறது, புதியது பிறக்கப் போராடுகிறது, இது அரக்கர்களின் காலம் என்று ஒவ்வொரு நெருக்கடியின்போதும் மேற்கோள் காட்டுகிறார்கள். குறிப்பேட்டில் அரக்கர்கள் இல்லை. பழையது செத்துக்கொண்டிருக்கிறது, புதியது பிறக்க முடியவில்லை, இந்த இடைவெளியில் பலவகை நோய்க்குறிகள் தோன்றுகின்றன என்பதுதான் அங்கே உள்ளது. வேறுபாடு சிறிதல்ல. அரக்கனைக் கண்டால் பயப்படுவோம். நோய்க்குறியைக் கண்டால் நோய் எது என்று தேடுவோம்.

2. அறிவின் அவநம்பிக்கை, மன உறுதியின் நம்பிக்கை. இந்த இணைத்தொடரைக் கிராம்சி மிகவும் விரும்பினார். ஆனால் அது பிரெஞ்சு எழுத்தாளர் ரோமென் ரோலானுடையது. ‘புதிய ஒழுங்கு’ இதழில் 1920-இல் எடுத்தாண்டபோதே அவர் பெயரைச் சொல்லித்தான் எடுத்தாண்டார்.

3. சிறையில் இறந்தார் என்பது. உடல் சிதைந்த நிலையில் 1933 இறுதியில் தூரியிலிருந்து அகற்றப்பட்டு ஃபோர்மியாவில் ஒரு மருத்துவமனையிலும், 1935 ஆகஸ்டிலிருந்து ரோமின் குயிசிசானா மருத்துவமனையிலும் வைக்கப்பட்டார். பொது மன்னிப்பால் குறைக்கப்பட்ட தண்டனை 1937 ஏப்ரலில் முடிந்தது. சார்டீனியாவுக்குத் திரும்ப நினைத்திருந்தார். ஏப்ரல் 25 மாலை மூளையில் ரத்தக்கசிவு. 27 அதிகாலை உயிர் பிரிந்தது. அவரைக் கொன்றது சிறையே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இறந்த இடத்தைச் சரியாகச் சொல்வது நல்லது.

## குறிப்பேடுகள் நம்மிடம் வந்த வழி

தத்தியானா குறிப்பேடுகளுக்கு எண்ணிட்டுப் பாதுகாத்து மாஸ்கோவுக்கு அனுப்பினார். போருக்குப் பின் 1947-இல் வெளிவந்த சிறைக் கடிதங்கள் அவ்வாண்டின் வியாரெஜ்ஜோ இலக்கியப் பரிசைப் பெற்றன. 1948 முதல் 1951 வரை குறிப்பேடுகள் வந்தன. தொல்யாத்தியின் மேற்பார்வையில், தலைப்புவாரியாகப் பிரித்து அடுக்கப்பட்டு, ஏதோ முடிந்த நூல்கள் போலத் தோற்றமளித்தன. எழுதிய வரிசையில், அடித்தல் திருத்தல்களோடு படிக்க 1975-இல் வலெந்தீனோ ஜெர்ராத்தானாவின் பதிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கிராம்சியின் ஒரு வரியைப் பிய்த்து எடுத்து எந்தக் கட்சிக்கும் ஒட்டவைக்க முடிகிறதென்றால், முழுமையடையாத துணுக்குகளாகவே அவை எழுதப்பட்டன என்பதும் ஒரு காரணம்.

இந்தியாவுக்கு அவர் வந்த வழிகளுள் முக்கியமானது 1982-இல் வரலாற்றாசிரியர் ரணஜித் குஹா தொடங்கிய ‘சபால்டர்ன்’ ஆய்வு வரிசை. அந்தப் பெயரே கிராம்சியின் குறிப்பேடுகளிலிருந்து வந்தது. தமிழில் இதை ‘அடித்தள மக்கள்’ என்றும் ‘விளிம்புநிலை மக்கள்’ என்றும் எழுதுகிறோம். இரண்டில் முன்னதே கிராம்சிக்கு நெருக்கமானது என்பேன். விளிம்பு என்றால் ஓரம். அவர் கண்ட விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் ஓரத்தில் இருக்கவில்லை. உற்பத்தியின் நட்டநடுவில், எல்லோருடைய பாரத்துக்கும் அடியில் இருந்தார்கள்.

அந்த மக்களைப் பற்றிய 25-ஆம் குறிப்பேட்டை, தாவிதே லாஸ்ஸரெத்தி என்ற வண்டிக்காரரின் கதையோடு தொடங்குகிறார். டஸ்கனியின் அமியாத்தா மலைப்பகுதி விவசாயிகள் அவரைத் தீர்க்கதரிசியாக ஏற்றார்கள். 1878 ஆகஸ்டில் ஓர் ஊர்வலத்தின் முன்னால் நடந்து வந்தபோது காவல்படை அவரைச் சுட்டுக் கொன்றது. அவருக்குப் பைத்தியம் என்று லோம்ப்ரோசோ போன்ற அக்கால அறிஞர்கள் எழுதி முடித்துவிட்டார்கள். கிராம்சி அதை ஏற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் ஏன் அவர் பின்னால் நடந்தார்கள், அந்த ஆண்டுகளில் அந்த மலையில் விவசாயிகள் எந்த நிலையில் இருந்தார்கள் என்று யாரும் கேட்கவில்லையே என்று எழுதிவிட்டு, தெரிந்த விவரங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளத் தொடங்குகிறார்.